குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவினால்: துளைவழி அறுவை, ஊசிவழிச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்கும் வந்துவிட்டது என்று தெரிந்த வீடுகளில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி சொல்லாமல் எண்ணைக் காட்டியிருக்கிறோம். உங்கள் ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் முடிவானது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. "கல்லீரல்ல கட்டின்னா அது கல்லீரல் கேன்சர்தானே? டாக்டர் ஏன் குடல் கேன்சர்னே எழுதறார்?"

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடல் கட்டியிலிருந்து கழன்ற செல்கள் அந்த ரத்தத்தோடு வந்து கல்லீரலின் நுண்குழாய்களில் தங்கி வளர்ந்துவிடுகின்றன. கட்டி இருக்கும் இடம் கல்லீரல், செல்லோ குடலுடையது. அதனால் கீமோ மருந்தும் குடல் புற்றுநோய்க்கு உரியதைத்தான் தருவார்கள்.

இதில் நோயாளிக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய் பெரும்பாலும் வைரஸாலோ குடியாலோ கொழுப்பாலோ ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரலில் வருவது. குடலிலிருந்து பரவியவருக்குக் கட்டிகளைச் சுற்றியுள்ள கல்லீரல் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். நல்ல கல்லீரலை வெட்டினால் மீதி வளர்ந்து ஈடுகொடுக்கும். இந்தச் சிகிச்சைகள் எல்லாமே அந்த குணத்தை நம்பித்தான் நடக்கின்றன.

2. "நாலாம் ஸ்டேஜ்னு போட்டிருக்கு. இதுக்கு மேல ஆபரேஷன் பண்ணி என்ன பிரயோஜனம்?"

நாலாம் கட்டம் என்றால் புற்றுநோய் தொடங்கிய உறுப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பல புற்றுநோய்களில் அதற்கு மேல் அறுவைக்கு இடமில்லைதான். ஆனால் குடலிலிருந்து கல்லீரலுக்கு மட்டும் பரவியது அதற்கு முக்கியமான விதிவிலக்கு. கட்டிகள் எல்லாவற்றையும் அகற்றிவிட முடிந்தவர்களில் கணிசமானவர்கள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள், சிலருக்கு நோய் திரும்புவதே இல்லை.

நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2012 முதல் 2016 வரை 280 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஆஸ்லோ-காமெட் என்பது அதன் பெயர். அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். இவர்கள் எல்லாரும் அறுவைக்கு ஏற்றவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பரவிய எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் 'நாலாம் ஸ்டேஜ்' என்ற சொல்லைப் பார்த்தே கதவைச் சாத்திவிடாதீர்கள். கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்த பிறகுதான் முடியும், முடியாது என்பதே முடிவாகும்.

3. "லேப்ராஸ்கோப்பி, ரோபோ, ஊசி விட்டுச் சுடறது... மூணும் ஒன்னுதானா?"

மூன்றிலும் வயிற்றைப் பெரிதாகத் திறப்பதில்லை, அந்த அளவில்தான் ஒற்றுமை. லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும் சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டு, கட்டியை வெட்டி வெளியே எடுக்கிறார்கள். துளைவழி அறுவை என்பது இதுதான். சுடும் முறையில் கட்டி உள்ளேயே இருக்கும். ஊசி போன்ற கம்பியை அதற்குள் செருகி, மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அலையால் சூடேற்றி, இருக்கும் இடத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். மருத்துவர்கள் இதை அப்ளேஷன் என்பார்கள். செத்த திசு மாதக்கணக்கில் சுருங்கித் தழும்பாகும்.

ரோபோ தானாக எதையும் செய்வதில்லை. மருத்துவர் கைப்பிடிகளை இயக்க, அதன் கரங்கள் உள்ளே அசைகின்றன. அதன் முனை மணிக்கட்டுபோல் வளையும் என்பதால் கல்லீரலின் பின்பக்க மேல்மூலைகளில் தையல் போட வசதி. செலவு கூடுதல். அனுபவமுள்ள கையில் லேப்ராஸ்கோப்பியைவிட ரோபோவால் நோயாளியின் ஆயுள் கூடும் என்று நிறுவப்படவில்லை. ரோபோ இல்லை என்பதற்காக நல்ல கல்லீரல் மருத்துவரை விட்டுவிட்டு வேறு இடம் தேட வேண்டியதில்லை.

4. "திறந்து பண்ணாத்தானே கையால தொட்டுப் பார்த்து எல்லாக் கட்டியையும் எடுக்க முடியும்? துளை வழியாப் பண்ணா ஏதாவது விட்டுப்போகாதா?"

நியாயமான கேள்வி. மருத்துவர்களே பல ஆண்டுகள் இதை வைத்துத் தயங்கினார்கள். கைக்குப் பதிலாக அங்கே வேலை செய்வது அல்ட்ராசவுண்ட். விரல் தடிமனுள்ள கருவியைத் துளை வழியாக உள்ளே விட்டு, கல்லீரலின் மேலேயே வைத்து நகர்த்துவார்கள். தோலும் விலா எலும்பும் குறுக்கே இல்லாததால் சில மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரியும். பெரிய சிரைகள் கட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகின்றன என்பதும் தெரியும். இந்த அல்ட்ராசவுண்ட் இல்லாமல் கல்லீரலில் துளைவழி அறுவை செய்யக் கூடாது.

2-ல் சொன்ன ஆஸ்லோ ஆய்வு இதே கேள்விக்காகத்தான் நடந்தது. குலுக்கல் முறையில் பாதிப்பேருக்குத் துளைவழியும் பாதிப்பேருக்குத் திறந்தும் அறுவை செய்தார்கள். 30 நாட்களுக்குள் சிகிச்சை தேவைப்பட்ட சிக்கல்கள் துளைவழியில் 19 சதவீதம், திறந்ததில் 31 சதவீதம். மருத்துவமனையில் தங்கியது 53 மணி நேரம், மற்றதில் 96. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 54-ம் 55-ம், அதாவது வித்தியாசமே இல்லை. துளை சிறியது என்பதற்காக நோயை விட்டுவிடவில்லை.

அந்த ஆய்வில் செய்தது கல்லீரலின் சிறு பகுதிகளை எடுக்கும் அறுவை. பாதிக் கல்லீரலை எடுப்பதற்குத் தனியாக ஓர் ஆய்வு உண்டு. ஆரஞ்சு-2 பிளஸ் என்ற அந்த ஐரோப்பிய ஆய்வில் 352 பேர் பங்கேற்றார்கள். துளைவழியில் செய்துகொண்டவர்கள் 4 நாளில் தேறினார்கள், திறந்து செய்துகொண்டவர்கள் 5 நாளில். பெரிய அறுவையில் ஆதாயம் இவ்வளவுதான் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

5. "உள்ளே என்னதான் செய்வாங்க? படிப்படியாச் சொல்லுங்க."

முழு மயக்கம். தொப்புள் அருகே முதல் துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்பச் செய்வார்கள். அழுத்தம் சுமார் 12 மி.மீ. பாதரசம். பிறகு 5 முதல் 12 மி.மீ. அளவில் இன்னும் நான்கைந்து துளைகள். கேமரா உள்ளே போனதும் முதல் வேலை வயிற்றின் உட்சவ்வு முழுவதையும் பார்ப்பது. ஸ்கேனில் தெரியாத வெள்ளைப் புள்ளிகள் அங்கே இருந்தால் திட்டமே மாறிவிடும்.

அடுத்து கல்லீரலைப் பிடித்திருக்கும் நார்களை விடுவித்து, அல்ட்ராசவுண்டால் கட்டியின் எல்லையைப் பார்த்து, வெட்டும் கோட்டைக் கல்லீரலின் மேல் சூட்டுக்கருவியால் புள்ளிபுள்ளியாகக் குறிப்பார்கள். கல்லீரலுக்கு ரத்தம் வரும் தண்டைச் சுற்றி ஒரு நாடாவைப் போட்டு வைத்திருப்பார்கள். ரத்தம் கசிந்தால் நாடாவை இறுக்கி 15 நிமிடம் வரை ரத்த ஓட்டத்தை நிறுத்தலாம், பிறகு 5 நிமிடம் விட வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி இறுக்கலாம். கல்லீரல் திசுவை அல்ட்ராசோனிக் கருவியால் பொடிப்பொடியாக விலக்கும்போது குழாய்கள் மட்டும் நூல்போல் நிற்கும். மெல்லியவற்றைச் சூட்டால் மூடுவார்கள், தடித்தவற்றுக்கு கிளிப், பெரிய சிரைக்கு ஸ்டேப்ளர். வெட்டிய துண்டை உள்ளேயே ஒரு பையில் போட்டு, அடிவயிற்றில் சிறு கீறல் வழியாகவோ பழைய தழும்பு வழியாகவோ முழுதாக எடுப்பார்கள். பை இல்லாமல் இழுத்தால் வழியில் செல்கள் சிந்தக்கூடும்.

மயக்க மருத்துவரின் பங்கு இதில் மிகப் பெரியது. வெட்டி முடியும்வரை அவர் சலைனைக் கட்டுப்படுத்தி, பெரிய சிரைகளில் அழுத்தத்தைத் தாழ்வாக வைத்திருப்பார். அழுத்தம் கூடினால் கல்லீரல் சிரைகள் புடைத்து, ஒரு சிறு கிழிசலிலேயே ரத்தம் பெருகும். அளவுக்கு மீறித் தாழ்ந்தால், கிழிந்த சிரை வழியாக வாயு உள்ளே போகும் ஆபத்து உண்டு. அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து பழகிய குழுவாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

6. "எவ்வளவு கல்லீரலை எடுப்பாங்க? மீதி போதுமான்னு எப்படித் தெரியும்?"

60 கிலோ எடையுள்ளவருக்குக் கல்லீரல் ஏறக்குறைய 1200 கிராம் இருக்கும். ஆரோக்கியமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும். நீண்ட நாள் கீமோ ஏறியிருந்தால் குறைந்தது 30, தழும்பேறியிருந்தால் 40 சதவீதம் வேண்டும். சி.டி. ஸ்கேனிலிருந்து கணினியில் அளந்து முன்பே சொல்லிவிடலாம். மிஞ்சும் பகுதிக்கு ரத்தம் வரும் குழாய், போகும் சிரை, பித்தக்குழாய் மூன்றும் அப்படியே இருக்க வேண்டும்.

போதாது என்றால் உடனே கைவிடுவதில்லை. எடுக்கப்போகும் பக்கத்துக்கான போர்ட்டல் சிரைக்கிளையை ஊசிவழியாக அடைத்துவிட்டால், ரத்தமெல்லாம் மறுபக்கம் திரும்பி அது வளரத் தொடங்கும். மூன்று முதல் ஆறு வாரம் பொறுத்து மறுபடி அளந்துவிட்டு அறுவை.

ஆனால் பெரும் பகுதியை வெட்டுவது இன்றைக்கு முதல் தேர்வு அல்ல. கட்டியையும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்பையும் மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுவதே நல்ல வழக்கம். வெட்டிய விளிம்பில் 1 மி.மீ. அளவுக்குப் புற்றுநோய் இல்லாமல் இருந்தாலே போதுமானது என்று ஏற்கிறார்கள். மிச்சம் வைத்த கல்லீரல் பின்னால் எப்படிக் கைகொடுக்கிறது என்பதை 15-ல் பாருங்கள்.

7. "எத்தனை கட்டி வரைக்கும் பண்ணலாம்? எங்களுக்கு ஏழு இருக்காம்."

முன்பெல்லாம் மூன்றுக்கு மேல் என்றால் கையை விரித்துவிடுவார்கள். இப்போது எண்ணிக்கை மட்டும் தடையில்லை. எல்லாவற்றையும் வெட்டியோ சுட்டோ முடிக்க முடியுமா, 6-ல் சொன்ன அளவு மிஞ்சுமா, கீமோவுக்குக் கட்டிகள் அடங்குகின்றனவா என்ற மூன்றையும் பார்ப்பார்கள். ஏழில் நான்கை வெட்டி மூன்றைச் சுடுவது ஒரே அமர்விலேயே நடக்கிறது. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டி பெருத்தால் அது கவலைக்குரிய அறிகுறி. அப்போது அவசரப்பட்டு வெட்டுவதைவிட மருந்தை மாற்றிப் பார்ப்பது நல்லது.

8. "கீமோ முதல்லயா, ஆபரேஷன் முதல்லயா?"

ஒன்றிரண்டு சிறு கட்டிகள், எளிதான இடம் என்றால் சில குழுக்கள் நேராக அறுவைக்குப் போகின்றன. மற்றபடி இரண்டு மூன்று மாதம் கீமோ, பிறகு அறுவை, மீதிக் கீமோ அதற்குப் பின் என்பது பரவலான வழக்கம், மொத்தம் சுமார் ஆறு மாதம். மருந்துக்குக் கட்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் இதில் தெரிந்துவிடும்.

கீமோவை நீட்டிக்கொண்டே போவது கல்லீரலுக்குக் கெடுதல். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கல்லீரலின் நுண்குழாய்களைச் சேதப்படுத்தும். கேமராவில் பார்த்தால் கல்லீரல் செங்கபில நிறம் இழந்து நீலம் பாரித்திருக்கும், தொட்டாலே கசியும். இரினோடெக்கான் என்ற இன்னொரு மருந்து கொழுப்பும் அழற்சியும் சேர்க்கும். அதனால் வெட்டும் நிலை வந்தவுடன் கீமோவை நிறுத்தி, சுமார் நான்கு வாரம் கல்லீரலுக்கு ஓய்வு கொடுப்பார்கள். கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்து சேர்ந்திருந்தால் அதை மட்டும் அறுவைக்கு ஐந்தாறு வாரம் முன்பே விட வேண்டும், இல்லையென்றால் ரத்தக்கசிவும் புண் ஆறாமையும் வரும். கடைசியாக எந்தத் தேதியில் என்ன மருந்து ஏறியது என்ற சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

9. "கீமோவுக்கு அப்புறம் ஸ்கேன்ல கட்டியே காணோம்னு சொல்றாங்க. அப்ப ஆபரேஷன் தேவையில்லைதானே?"

சந்தோஷப்படலாம், ஆனால் கட்டி இருந்த இடத்தை மறந்துவிடக் கூடாது. சி.டி.யில் மறைந்த இடத்தை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரங்களில் உயிருள்ள புற்றுச்செல்கள் இருக்கின்றன. கீமோவால் கொழுப்பேறிய கல்லீரலில் சின்னக் கட்டி சி.டி.யில் தெரியாமல் போவதும் உண்டு. கல்லீரல் செல்கள் மட்டும் உறிஞ்சும் மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. இதற்கு மேலானது. அதிலும் தெரியவில்லை என்றால் உண்மையிலேயே அழிந்திருக்க வாய்ப்பு கூடுதல்.

இதனால்தான் கீமோ தொடங்குவதற்கு முன்னாலேயே அந்த எம்.ஆர்.ஐ.யை எடுத்து, கல்லீரல் நிபுணரிடம் காட்டிவிட வேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறோம். 2 செ.மீ.க்குக் கீழே உள்ள, கீமோவில் மறையக்கூடிய கட்டிக்குப் பக்கத்தில் சிறு உலோக அடையாளம் ஒன்றை ஊசியால் பதித்து வைப்பதும் உண்டு. பழைய ஸ்கேன் குறுந்தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டி எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

10. "குடல்லயும் கட்டி, கல்லீரல்லயும் கட்டி. ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துடலாமா?"

கல்லீரலில் சிறிய வேலை, குடலில் சிக்கலில்லாத இடம் என்றால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் துளைவழியாக முடிக்கலாம். இரண்டுமே பெரியது என்றால், உதாரணமாகப் பாதிக் கல்லீரலும் மலக்குடலின் அடிப்பகுதியும், பிரித்துச் செய்வதே பத்திரம். ஒரே நாளில் செய்து குடல் தையல் விட்டுப்போனால், அந்தக் கிருமித்தொற்றைப் பாதிக் கல்லீரல் தாங்காது. மலக்குடலுக்குக் கதிர்வீச்சு தேவைப்படுபவர்களுக்குக் கல்லீரலை முதலில் முடித்துவிட்டு மலக்குடலுக்குப் பிறகு வருவதும் உண்டு. குடல் அடைபட்டு வாந்தியும் உப்புசமும் இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை.

11. "சுட்டாலே போதும்னு ஒரு டாக்டர், வெட்டித்தான் ஆகணும்னு இன்னொரு டாக்டர். யாரை நம்பறது?"

அண்மைக்காலம் வரை வெட்டுவதே முதலிடம், வெட்ட முடியாததைத்தான் சுடுவது என்று இருந்தது. நெதர்லாந்தை மையமாகக் கொண்டு நடந்து 2025-ல் வெளியான கொலிஷன் ஆய்வு இதை மாற்றியிருக்கிறது. 3 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகள், பத்துக்கு மிகாத எண்ணிக்கை, கல்லீரலுக்கு வெளியே நோயில்லை என்ற நிலையில் இருந்த சுமார் 300 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதி வழியில் கணக்குப் பார்த்தபோதே சுட்டவர்களின் உயிர்வாழ்வு வெட்டியவர்களுக்குக் குறைவில்லை என்று தெரிந்து, ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். பாதகங்கள் சுட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, வெட்டியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு.

ஆக இரண்டு மருத்துவர்களும் சொல்வது சரியாக இருக்கலாம். 3 செ.மீ.க்குக் கீழே, கல்லீரலின் ஆழத்தில், சுற்றிலும் இடம் இருக்கும் கட்டி என்றால் சுடுவதே நல்லது. ஆழத்திலுள்ள 1 செ.மீ. கட்டிக்காக ஒரு பெரிய துண்டை வெட்டுவது வீண். 3 முதல் 5 செ.மீ. வரை இரண்டு பக்கமும் வாதம் உண்டு. அதற்கு மேல் வெட்டுவதுதான். கல்லீரலின் ஓரத்தில் தொங்கும் கட்டியைத் துளைவழியாக வெட்டி எடுப்பது மிகச் சுலபம், அதைச் சுடப் போனால் பக்கத்தில் குடல் இருக்கும்.

12. "சுடறதுல என்ன தப்பாப் போகும்? அதைப் பத்தி யாரும் சொல்றதில்லை."

முதலில் விளிம்பு. வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் பார்க்கலாம், சுட்டதைப் பார்க்க வழியில்லை. அதனால் கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5, முடிந்தால் 10 மி.மீ. சேர்த்துச் சுட வேண்டும். 3 செ.மீ. கட்டிக்கு 5 செ.மீ. உருண்டை வேண்டும். கன அளவில் அது கட்டியைப் போல நாலரை மடங்குக்கும் மேல். கம்பி கொஞ்சம் ஓரமாக இறங்கிவிட்டால் ஒரு பக்கம் விளிம்பு இல்லாமல் போகும், நோய் அங்கிருந்துதான் திரும்பும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி.யை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கணினியில் விளிம்பை அளந்தார்களா என்று கேளுங்கள். மூச்சோடு கல்லீரலும் ஏறி இறங்குவதால், முழு மயக்கத்தில் மூச்சைச் சற்று நிறுத்திக் கம்பியை இறக்குவதே துல்லியம்.

இரண்டாவது பெரிய ரத்தக்குழாய். 3 மி.மீ.க்கு மேற்பட்ட குழாய் பக்கத்தில் ஓடினால், ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். குழாயை ஒட்டிய செல்கள் தப்பிவிடும். மைக்ரோவேவில் இந்தத் தொல்லை ரேடியோ அலையைவிடக் குறைவு. மூன்றாவது பித்தக்குழாய். கல்லீரலின் நடுவாசலில் ஓடும் பெரிய பித்தக்குழாயிலிருந்து 1 செ.மீ.க்குள் சுட்டால், அது வெந்து சுருங்கி மாதங்கள் கழித்துக் காமாலை வரும். அங்கே வெட்டுவதையோ துல்லியக் கதிர்வீச்சையோ யோசிப்பார்கள். குடல் ஒட்டியிருந்தால் இடையில் திரவம் செலுத்தித் தள்ளி வைத்துவிட்டுச் சுடலாம்.

பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழல்) இருப்பவரும், பித்தக்குழாயைக் குடலோடு இணைத்த பழைய அறுவை உள்ளவரும் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குடல்கிருமி மேலேறி, சுட்ட இடம் சீழ்க்கட்டியாக மாறும் ஆபத்து அவர்களுக்கு மிக அதிகம். மற்றவர்களுக்குச் சில நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருப்பது இயல்பு. சுட்ட பின் ஸ்கேனில் ஓட்டை கட்டியைவிடப் பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் தெரிய வேண்டும்.

13. "கல்லீரல் கட்டியில பயாப்ஸி எடுத்தாத்தான் உறுதியாகும்னு ஸ்கேன் சென்டர்ல சொன்னாங்க. எடுக்கலாமா?"

பயாப்ஸி என்பது ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. வெட்டி எடுக்க வாய்ப்புள்ள கட்டி என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்க்கும் முன் எடுக்க வேண்டாம். ஊசி போன வழியில் செல்கள் ஒட்டிக்கொண்டு அங்கேயே கட்டி முளைக்கலாம். குடல் கட்டியின் பயாப்ஸி ஏற்கெனவே இருக்கிறது. அதோடு எம்.ஆர்.ஐ. படமும், குடல் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய சி.இ.ஏ. என்ற புரதத்தின் அளவும் சேர்ந்தால் பெரும்பாலும் போதும். படத்தில் உண்மையாகவே சந்தேகம் இருக்கும்போதும், அறுவைக்கு வழியில்லாமல் மருந்தைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும்போதும் மட்டும் எடுப்பார்கள்.

குடல் திசுவிலேயே ராஸ், பிராஃப் மரபணு மாற்றங்களுக்கான சோதனையையும், செல்லில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் கெட்டிருக்கிறதா என்று காட்டும் எம்.எஸ்.ஐ. சோதனையையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எம்.எஸ்.ஐ. அதிகம் என்று வந்தால் நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்யக்கூடும், சிகிச்சையின் வரிசையே மாறும்.

14. "லேப்ராஸ்கோப்பின்னு சொல்லிட்டுப் பாதியில வயித்தைத் திறந்துட்டாங்க. தப்பு நடந்துடுச்சா? வீட்டுக்கு வந்ததும் என்ன கவனிக்கணும்?"

பெரும்பாலும் தப்பு அல்ல. ரத்தக்கசிவு கட்டுக்குள் வராதபோது, பழைய அறுவையால் குடல் ஒட்டிக்கிடக்கும்போது, கட்டி பெரிய சிரையை நெருங்கியிருப்பது அல்ட்ராசவுண்டில் தெரியும்போது திறப்பதுதான் சரியான முடிவு. திறக்க வேண்டிய நேரத்தில் பிடிவாதமாகத் துளையிலேயே தொடர்வதுதான் ஆபத்து.

துளைவழியில் முடிந்தவர்கள் அன்று மாலையே தண்ணீர் குடிக்கலாம், மறுநாள் நடக்கலாம். வாயுவால் இரண்டு மூன்று நாள் வலது தோள்பட்டை வலிக்கும், இதயக் கோளாறோ என்று பலர் பதறுகிறார்கள். கால் சிரையில் ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசியைச் சிலருக்கு நான்கு வாரம் வரை வீட்டில் தொடரச் சொல்வார்கள், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கண் மஞ்சள், வயிறு உப்பிக்கொண்டே போவது, வயிற்றில் வைத்த வடிகுழாயிலோ தையலிலோ பச்சை மஞ்சளாகக் கசிவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். பச்சை மஞ்சள் கசிவு பித்தநீர். வெட்டிய பரப்பில் ஒரு சிறு குழாய் மூடாமல் விட்டிருக்கும். பெரும்பாலும் வடிகுழாயிலேயே வற்றிவிடும், இல்லையென்றால் உள்நோக்கி வழியாக ஸ்டென்ட் வைப்பார்கள்.

15. "எடுத்த பிறகும் திரும்ப வருமா?"

பலருக்கு வரும், மறைப்பதில் பயனில்லை. ஆஸ்லோ ஆய்வில் ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் பாதிக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவிலுள்ளவர்களுக்கு நோய் திரும்ப வந்தது, மறுபடி சிகிச்சை செய்தார்கள், வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை வெட்டவும் சுடவும் கல்லீரல் மிச்சம் இருக்க வேண்டும், வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் குறைவாக இருக்க வேண்டும். முதல் தடவையே சிக்கனமாக வெட்டுவதும் துளைவழியில் செய்வதும் அப்போது கைகொடுக்கும்.

இது நடக்க வேண்டுமானால் திரும்பி வருவதைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ., மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மார்பும் வயிறும் சேர்த்து சி.டி., பிறகு ஐந்தாம் ஆண்டு வரை இடைவெளியைக் கூட்டலாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 2 செ.மீ.யில் பிடித்தால் 11-ல் சொன்ன ஊசிவழியே போதும்.

16. "கல்லீரலுக்கு நல்லதுன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறோம். தொடரலாமா?"

கீமோ நடக்கும்போதும் அறுவைக்கு முன்னும் பின்னும் நிறுத்திவிடுங்கள். இது கிருமியால் வந்த காமாலை அல்ல. கல்லீரல் என்சைம் அளவு ஏறினால் அது கீமோவாலா, மூலிகையாலா, நோயாலா என்று பிரிக்க முடியாமல் அடுத்த கீமோ தள்ளிப்போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லீரல் வளர வேண்டியது புரதம்: முட்டை, மீன், பருப்பு, தயிர். மது அறவே கூடாது.

17. "முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வேற எங்கே கேட்கறது?"

முடியாது என்று சொன்னவர் யார் என்று பாருங்கள். கல்லீரலை வெட்டுவதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் ஸ்கேனைப் பார்க்கவில்லை என்றால், இன்னும் ஒரு கருத்து பாக்கி இருக்கிறது. எழுத்தில் உள்ள ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகடுகள் எல்லாம் வேண்டும், கீமோவுக்கு முந்தையவையும் சேர்த்து. அறுவை, ஊசிவழிச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டம் இருக்கிறதா, கல்லீரல் அறுவை மாதம் எத்தனை செய்கிறார்கள், அதில் துளைவழி எத்தனை, சுடும் வசதி அங்கேயே உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் தவறேயில்லை.

அங்கும் வெட்ட முடியாது என்றால், கீமோவோடு சுடுவதைச் சேர்க்கலாம். குளோக் என்ற ஐரோப்பிய ஆய்வில் அப்படிச் செய்துகொண்டவர்களில் 36 சதவீதத்தினர் எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தார்கள், கீமோ மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம். கல்லீரல் தமனி வழியாகக் கதிரியக்க மணிகளையோ மருந்தையோ செலுத்துவதும் உண்டு. மிகச் சிலருக்குக் கல்லீரல் மாற்று: பிரான்ஸ் தலைமையில் நடந்து 2024-ல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வில் கீமோவோடு மாற்றுக்கும் ஒதுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 57 சதவீதம், கீமோ மட்டும் என்றால் 13. நோய் கல்லீரலைத் தாண்டவில்லை, கீமோவுக்குப் பல மாதம் அடங்கியிருக்கிறது என்றால்தான் இதற்கு வாய்ப்பு.

18. "நுரையீரல்லயும் ஒரு சின்னப் புள்ளி இருக்குன்னு சொல்றாங்க. அப்ப கல்லீரல் ஆபரேஷன் அவ்வளவுதானா?"

அந்தப் புள்ளி என்னவென்று முதலில் தெரிய வேண்டும். நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்பு நுரையீரலில் புள்ளியாகத் தெரிவது சகஜம். சில மில்லிமீட்டர் அளவே இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சி.டி. எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள், கீமோ காலத்திலேயே இந்தக் காத்திருப்பும் முடிந்துவிடும். அளவு மாறாமல் இருந்தால் கல்லீரல் திட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

பரவியதுதான் என்று உறுதியானாலும், ஒன்றிரண்டே இருந்து அவற்றையும் எடுக்கவோ சுடவோ துல்லியக் கதிர்வீச்சு தரவோ முடியும் என்றால் கல்லீரலை முதலில் முடித்துவிட்டு நுரையீரலுக்கு வருவார்கள். வயிற்றின் உட்சவ்வில் பரவலாக இருந்தாலோ, நுரையீரல் இரண்டிலும் நிறைய இருந்தாலோ கல்லீரலை மட்டும் வெட்டுவதால் பலன் இல்லை. அங்கே கீமோதான் முதல் சிகிச்சை, இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனோடு அதே குழுவிடம் மறுபடி போக வேண்டும்.